புதுப்பிப்பு: அண்ணனின் கிரியேட்டினின் விஷயம்
சிறுகுடல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 14 மாதமான அண்ணனுக்குக் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும்) 0.9-இலிருந்து 1.6-க்கு ஏறிவிட்டது, என்ன காரணமாக இருக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"தண்ணீரைப் பாருங்கள்" என்றவர்கள் சொன்னது பாதி சரி. ஸ்டோமா பையில் (வயிற்றில் போட்ட துளை வழியாகக் குடல் கழிவு சேரும் பை) ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் அளக்காமலே விட்டிருக்கிறோம். இப்போது அளவுக் குவளையும் ஒரு நோட்டும் குளியலறையிலேயே இருக்கின்றன. உப்பும் சேர்ந்து போவதால் வெறும் தண்ணீர் போதாது, ஓஆர்எஸ்தான் என்றார் மருத்துவர். சில நாள் சலைனும் ஏற்றினார்கள்.

மீதிப் பாதி, உடலின் எதிர்ப்பை அடக்கத் தரும் டாக்ரோலிமஸ். சிறுநீரகத்துக்குள் போகும் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும் மருந்து அது, ஆனால் புதுக் குடலை உடல் நிராகரித்துவிடுமோ என்ற பயத்தில் சட்டென்று குறைக்கவும் முடியாது. வயிற்றுப்போக்கு வந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

இன்று 1.3. அப்புறம், தசை கரைந்தவர்களுக்குக் கிரியேட்டினின் சிறுநீரகத்தை உள்ளதைவிட நல்லதாகவே காட்டுமாம் (இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்!), அதனால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையும் எடுத்திருக்கிறோம். முடிவு வியாழக்கிழமை வரும்.