ஒரே லேசரில் பிளாஸ்டிக்கும் தகடும் வெட்ட ஆசைப்பட்டவர்கள், உங்கள் அனுபவம்?

கணபதி லேத்:
எல்லாரும் போலத்தான். வீடியோ பார்த்து மயங்கி 10 வாட் டயோடு லேசர் மெஷின் வாங்கினேன், சின்னச் சில்லிலிருந்து நீல ஒளி விடுகிற வகை. புது வீட்டுக்கு அப்பா பெயரில் பலகை, 3 மி.மீ. அக்ரிலிக் பிளாஸ்டிக், கண்ணாடி மாதிரித் தெளிவானது. அடியில் வைக்கிற தேன்கூடு தட்டு வந்து சேரவில்லை. யார் காத்திருப்பது என்று சாப்பாட்டு மேசை மேலேயே வைத்து நாலு தடவை ஓட்டினேன். ஷீட்டைத் தூக்கினால் ஒரு கீறல் இல்லை. கீழே தேக்கு மேசையில் அப்பா பெயர், இனிஷியலோடு, கருகருவென்று! 450 நானோமீட்டர் அலைநீள நீல ஒளிக்குத் தெளிவான அக்ரிலிக் ஜன்னல் மாதிரியாம். கறுப்பு ஷீட்டை இதே மெஷின் ஒழுங்காக வெட்டுகிறது. தகடு? மேலே இருக்கும் பெயின்ட்டைச் சுரண்டும், அவ்வளவுதான்.

திருப்பூர் பேட்டர்ன்:
அண்ணா, அது மெஷின் குற்றமில்லைங்க. அக்ரிலிக் என்றால் சிஓ2தான், கார்பன் டை ஆக்சைடு வாயு லேசர். அதன் 10,600 நானோமீட்டர் கதிரைக் கண்ணாடி அக்ரிலிக்கும் விழுங்கிக்கொள்ளும், விளிம்பு பாலிஷ் போட்ட மாதிரி வரும். காலர், பாக்கெட் டெம்ப்ளேட் எல்லாம் 40 வாட்டில்தான் வெட்டுகிறேன். ஆனால் அதற்கும் ஒரு சோதனை வந்தது. சித்திரை மாதம், மதியம், அவசர ஆர்டர். லேசர் வருகிற கண்ணாடி டியூப்பைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் ஹோஸ் கழன்றதைக் கவனிக்கவில்லை. டியூப் தண்ணீர் இல்லாமலே எரிந்துகொண்டிருந்தது. பதறிப்போய் ஹோஸை மாட்டினேன். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர். "டிக்" என்று ஒரே சத்தம், டியூப் விரிந்துவிட்டது. அதை இன்னும் மறக்க முடியவில்லை. தண்ணீர் ஓடாவிட்டால் லேசரை நிறுத்தும் சென்சார் அப்புறம்தான் போட்டேன்.

சேலம் கொலுசு:
பேட்டர்ன் தம்பி, சிஓ2தான் எல்லாம் என்கிற மாதிரி பேசாதீங்க. என்னிடம் அதை விற்றவர் "மெட்டலும் பண்ணும்" என்று டெமோ காட்டினார். கறுப்புத் தகட்டில் பளிச்சென்று எழுத்து. வாங்கி வந்து வெள்ளித் தகட்டை வைத்தால் ஒரு தடம்கூட விழவில்லை. கதிர் முழுக்கத் திரும்பிப் போய்விட்டது. டெமோவில் வெட்டுப்பட்டது தகடில்லை, அதன் மேல் பூச்சு! இப்போது 20 வாட் ஃபைபர், கண்ணாடி இழைக்குள் கதிர் உண்டாக்குகிற லேசர், 1064 நானோமீட்டர். 0.2 மி.மீ. பித்தளையைப் பல தடவை ஓட்டித்தான் வெட்டுகிறேன், டீ குடித்துவிட்டு வரலாம். அதில் கண்ணாடி அக்ரிலிக் வைத்தால் கணபதி அண்ணன் கதைதான்.

ஈரோடு போர்டுக்காரன்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், எதை வெட்டுகிறோம் என்று ஒருவரும் பேசவில்லை. கும்பாபிஷேக போர்டுக்குச் சன்போர்டில், அதான் விளம்பரப் பலகைக்குப் போடுகிற நுரை பிளாஸ்டிக் ஷீட்டில், எழுத்து வெட்டினேன். ஒரு வாரம் கழித்துப் பக்கத்துப் பட்டறை அண்ணன் வந்தார். "ஏந்தம்பி, என்ற லேத் பெட்ல துரு பூத்திருக்குது, உம்பட புகைதானா?" தலை நிமிர முடியவில்லை. சன்போர்டு பிவிசி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், ஈரம் பட்டால் அமிலம். இரும்புக்கே அந்தக் கதி என்றால் நுரையீரலுக்கு? ரெக்சினும் பெரும்பாலும் பிவிசி பூச்சுதான், தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது. வெளியே, காற்றோட்டமான இடத்தில், துளியூண்டு துண்டில் மட்டும். பாலிகார்பனேட்டும் வேண்டாம், பழுப்பேறிக் கருகும். அப்புறம் கண். சிஓ2-வுக்கு அக்ரிலிக் மூடி தடுப்பாகும். டயோடு, ஃபைபருக்குத் தெளிவான மூடி சும்மா. கண்ணில் மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடியில் அலைநீளமும், ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஓடி (OD) எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். "பச்சைக் கலர்தானே" என்று மாட்டிக்கொள்ளாதீர்கள். இரண்டு வேலைக்கும் ஒரே மெஷின் தேடுகிறவர்கள் சிஓ2 மட்டும் வாங்கி, தகட்டை ஜாப் ஒர்க்குக்குக் கொடுங்கள். கோவையில் ஃபைபர் வெட்டுகிற கடைக்கா பஞ்சம்?

சேலம் கொலுசு:
வெள்ளியை வெளியே கொடுத்தால் எடை குறைந்து வருமுங்க. உங்களுக்குப் போர்டு, எங்களுக்கு அப்படி இல்லை.

கணபதி லேத்:
எல்லாம் சரிங்க. தேக்கில் எரிந்த எழுத்தை எடுக்க வழி தெரிந்தால் சொல்லுங்கள். உப்புத்தாள் போடலாமென்றால் "அப்பா பேரைத் தேய்க்கறதா?" என்று அம்மா விடமாட்டேன் என்கிறார். அப்பா அந்த இடத்தில்தான் தட்டு வைத்துச் சாப்பிடுகிறார்.