நர்மதைக்கு ஏன் டெல்டா இல்லை? காவிரிக்கு இருக்கிறதே!

கேள்வி (மாணவி):
நர்மதையின் நீளம் 1,312 கி.மீ., காவிரி சுமார் 800 கி.மீ.தான். நீளமான ஆறு அதிக வண்டலைக் கொண்டுவரும், அப்போது பெரிய டெல்டா உருவாக வேண்டும் இல்லையா? புத்தகத்தில் நர்மதை, தபதி இரண்டுக்கும் ஓதப் பொங்குமுகம் (கடல் மட்டம் தினமும் ஏறி இறங்கும் ஓதம் உள்ளே வந்து போகும் அகன்ற ஆற்று வாய்) என்றுதான் இருக்கிறது. மனப்பாடம் செய்தாலும் காரணம் புரியவில்லை.

பதில் 1:
பிளவுப் பள்ளத்தாக்குதான் (நிலம் பிளந்து நடுப்பகுதி கீழிறங்கிய பள்ளம்) காரணம்மா. விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் நடுவே கடினப் பாறைகளின் வழியாக நர்மதை ஓடுகிறது. துணையாறுகளும் குட்டையானவை. அதனால் வண்டல் குறைவு.

மாணவி:
நன்றி அண்ணா. ஆனால் நர்மதை முகத்துவாரத்தை ஒட்டிய பரூச் நகர் அருகே செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் சேற்று நிறத்தில் இருக்கிறதே?

பதில் 2 (புவியியல் ஆசிரியர்):
நன்றாகக் கவனித்திருக்கிறாய். வண்டல் வருகிறது. முகத்துவாரத்தில் இருக்கும் அலியாபெட் தீவே வண்டல் படிந்து உருவானதுதான். எனவே "வண்டலே இல்லை" என்று எழுதிவிடாதே.

வந்த வண்டல் அங்கே தங்குகிறதா என்பதுதான் கேள்வி. நர்மதை கலக்கும் காம்பாத் வளைகுடா புனல் மாதிரி உள்ளே போகப் போகக் குறுகும். அதனால் ஓதம் எகிறும்; பாவ்நகர் பக்கம் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே 10 மீட்டர் வரை வித்தியாசம் வரும். ஆறு கொண்டுவந்ததில் பெரும்பகுதியை அந்த வேகம் கலக்கி இழுத்துச் சென்றுவிடும். நாகப்பட்டினம் கடலில் இந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. காவிரியோ திருச்சியைத் தாண்டியதும் சமவெளியில் வேகம் குறைந்து கிளை கிளையாகப் பிரிகிறது. கொண்டுவந்த வண்டல் அப்படியே படிந்துவிடும்.

மாணவி:
சரி சார், சுந்தரவனத்திலும் ஓதம் பலமாகத்தானே இருக்கிறது?

ஆசிரியர்:
ஆமாம், ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைக் கொட்டுகின்றன. ஓதம் அள்ளிக்கொண்டு போவதைவிட வரத்து அதிகம். எந்த ஆறாக இருந்தாலும் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார், நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதே.

மாணவி:
தேர்வில் எப்படி எழுதலாம் சார்?

ஆசிரியர்:
வலுவான ஓதம், குறைந்த வண்டல் வரத்து, பிளவுப் பள்ளத்தாக்கு, இந்த வரிசையில் எழுது. அப்புறம் நர்மதை, தபதி பெயர்களைக் கட்டாயம் சேர். இடம் இருந்தால் புனல் வடிவ வளைகுடாவைச் சின்னதாக வரைந்து காட்டு.