காசாடாலூருக்குத் தபால்காரர் எப்படிப் போனார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கு மின்சார பில்லைத் தவிர வேறெதுவும் வந்து வெகுநாளாயிற்று. போஸ்ட்கிராசிங்கில் சேர்ந்த பிறகுதான் அதைத் திறக்கவே ஆசை வந்தது. 2005-ல் போர்ச்சுகலில் தொடங்கிய ஏற்பாடு அது. முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் அஞ்சலட்டை அனுப்புகிறோம். அது சேர்ந்ததும் வேறு யாருக்கோ நம் முகவரி போகிறது.

எனக்கு வந்தவற்றில் பாதி ஜெர்மனிக் கோட்டைகள். குறை சொல்லவில்லை, ஆனால் ஐந்தாவது கோட்டைக்கு மேல் கண் நிற்பதில்லை.

போன மழைக்காலத்தில் ஓரம் நனைந்த அட்டை ஒன்று வந்தது. பச்சை மலைச்சரிவில் சில வீடுகள், கூரைமேல் புல், பக்கத்தில் நேராகக் கடலில் விழும் அருவி. தபால்தலையில் ‘ஃபோரோயார்’. தேடினேன்: டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகள், மொத்தம் 18. படத்தில் இருந்தது காசாடாலூர். “பெயரிலேயே ஊர் இருக்கிறதே” என்றார் அப்பா. டாலூர் என்றால் அவர்கள் மொழியில் பள்ளத்தாக்கு என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அருவியை ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

“ஏம்மா, ரோட்டையே காணோமே. தபால்காரர் எப்படிப் போவார்?”

அந்த நாளில் எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் இருந்த லயம் வரை தபால் வராது, ஆபிசோடு நின்றுவிடும். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி மனம் வைத்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பெயர் சொல்லிக் கொடுப்பார். பாட்டி இறந்த செய்தி அங்கே ஒன்பது நாள் கிடந்ததாம்.

தேடிப் பார்த்தால், அப்பா கேட்டதுதான் அந்த ஊரின் கதையே. 2000களின் தொடக்கத்தில் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும்வரை அங்கே சாலை கிடையாது. தபால்காரர் 400 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கி, வாரத்துக்கு மூன்று முறை நடந்தே போயிருக்கிறார். இருபது பேர்கூட இல்லாத ஊர்.

“அந்தக் கொஞ்சப் பேருக்காகவா?” என்றார் அப்பா. பிறகு பேசவில்லை.

மறுநாள் ஒரு ரப்பர் கொட்டையை மேசைமேல் வைத்தார், அனுப்பச் சொல்லி. விதையை அப்படியெல்லாம் நாடு தாண்டி அனுப்ப முடியாது என்றதும் முகம் சுருங்கியது. அனுப்பியவர் தம் முகவரியையும் எழுதியிருந்தது நல்லதாயிற்று. வெள்ளை அட்டையில் அந்தக் கொட்டையை, பழுப்பில் ஓடும் திட்டுகளோடு வரைந்தேன்.

“தரையில் தேய்த்துத் தொடையில் வைத்தால் சுடும் என்று எழுது” என்றார். எழுதினேன்.