ஏற்காடு ஏற கார்பன் ஃபைபர் சைக்கிள் வாங்கலாமா?

எதிர்க்காற்று:
வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வயது 41, எடை 68 கிலோ. ஆறு வருடமாக ஒரே ஸ்டீல் சைக்கிள்தான். அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். 13 கிலோ 400 கிராம். ஞாயிறுதோறும் ஏற்காடு போகிறேன். அடிவாரத்தில் இருந்து ஏரி வரை 1 மணி 52 நிமிடம். கூட வரும் இருவரும் போன மாதம் கார்பனுக்கு மாறிவிட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் ஐந்தாறு தாண்டுவதற்குள் அவர்கள் முதுகுகூடத் தெரிவதில்லை.

கடையில் காட்டிய கார்பன் வண்டி 9 கிலோ 900. ஒன்றரை லட்சம் சொல்கிறார்கள். மகளுக்கு அடுத்த வருடம் காலேஜ். அந்தப் பணத்தில் கை வைப்பதானால் எனக்கு உறுதியான ஒரு காரணம் வேண்டும். எடையும் ஃபிரேமும் நிஜமாகவே அவ்வளவு செய்யுமா?

எழுபது வளைவு:
நான் எட்டரை கிலோ கார்பன் ஓட்டுகிறேன். கொல்லிமலையில் எழுந்து நின்று மிதித்தால் வண்டி காலோடு சேர்ந்து வருகிறது. முன்பு வைத்திருந்த அலுமினிய வண்டியில் இது இல்லை. முடிந்தால் எடுத்துவிடுங்கள் நண்பரே.

பழைய பல்சக்கரம்:
தம்பி, எனக்கு 59 வயது. ஸ்டீல், அலுமினியம், கார்பன் மூன்றும் ஓட்டியிருக்கிறேன்.

முதலில் கணக்கு. மலையில் நீங்கள் ஏற்றுவது வண்டியை மட்டும் இல்லை. உங்கள் உடம்பு, தண்ணீர், பம்ப், ஷூ எல்லாம் சேர்த்து 84 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றரை கிலோ என்பது நூற்றுக்கு நாலு பங்கு. ஏற்றத்தில் நம் உழைப்பில் பெரும்பகுதி எடையை மேலே கொண்டுபோகத்தான் செலவாகிறது, அதனால் நேரமும் ஏறக்குறைய அதே அளவில்தான் குறையும். உங்கள் 112 நிமிடத்தில் நாலு நிமிடம். கிலோவுக்கு ஒரு நிமிடமும் கொஞ்சமும். போட்டிக்காரர்களுக்கு நாலு நிமிடம் மிகப் பெரிது. அவர்களுக்கே 6.8 கிலோவுக்குக் கீழே வண்டி கூடாது என்று உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐ 2000-இல் வரம்பு வைத்துவிட்டது. ஓமலூர் பக்கம் சமதளத்தில் போனால் இந்த மூன்றரை கிலோ உங்களுக்குத் தெரியவே தெரியாது. அங்கே காற்றுதான் எதிரி.

செலவில்லாமல் சோதிக்கலாம். மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கேரியரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு ஏறுங்கள். எவ்வளவு கூடுகிறதோ, கார்பனில் அவ்வளவுதான் குறையும்.

அப்புறம் ஃபிரேம். ஸ்டீல் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு கனம், மூன்று மடங்கு விறைப்பு. அதை ஈடுகட்டத்தான் அலுமினியக் குழாயைத் தடியாகச் செய்கிறார்கள். ஆக, வண்டி குலுக்குவதும் குலுக்காததும் குழாயை எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. அதைவிட டயரைப் பொறுத்தது. 25 மில்லிமீட்டர் அகல டயரை 32 ஆக்கிக் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், எந்த ஃபிரேமும் தராத சுகம் கிடைக்கும்.

பொருளின் குணம் தெரிவது உடையும்போதுதான். என் அலுமினிய வண்டி ஒவ்வொரு மிதிக்கும் 'டிக்' என்று சத்தம் போட்டது. ஒரு கடையில் பாட்டம் பிராக்கெட்டை, அதாவது மிதி சுற்றும் அச்சை, மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. ஒருநாள் கழுவித் துடைக்கும்போது வலது பக்கம் செயின் ஓரமாகப் போகும் குழாயில், வெல்டிங்கை ஒட்டி ஒரு தலைமுடி. நகத்தால் தள்ளினேன். நகரவில்லை, நகம்தான் அதில் மாட்டியது. ஐந்து வருட வண்டியை அன்றைக்கே ஓரம்கட்டினேன். அலுமினியத்தில் சின்னச் சின்ன அழுத்தமும் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டீல் ஒரு வரம்புக்குள் எத்தனை லட்சம் தடவை என்றாலும் தாங்கும். விரிசல் விட்டாலும் பித்தளை வைத்து ஊதிக்கொடுக்கப் பட்டறையில் ஆள் இருக்கிறார். கார்பன் கல்லில் அடிபட்டால் வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தால் அந்த இடத்தில் மட்டும் ஓசை செத்துப்போகும். விழுந்து எழுந்தால் இதைச் செய்யாமல் ஓட்டாதீர்கள்.

உங்கள் வண்டியில் முன்னால் சின்ன சக்கரம் எத்தனை பல், பின்னால் பெரியது எத்தனை?

மூன்றாம் மாடி:
ஐயா சொன்னதோடு ஒன்று. சென்னையில் லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். 17 கிலோ வண்டியைத் தோளில் போட்டு 54 படி ஏறியதில், வாரத்தில் இரண்டு நாள் ஓட்டினாலே பெரிது. 11 கிலோ அலுமினிய வண்டி வந்த பிறகு தினமும் ஆபீசுக்கு அதில்தான் போகிறேன். தூக்குகிற இடத்தில் எடை ரொம்ப முக்கியம். அண்ணனுக்கு அந்தத் தேவை இருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்க்காற்று:
வண்டி தரைத்தளத்தில்தான் நிற்கிறது, தங்கச்சி.

தண்ணீர் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன் ஐயா. 1 மணி 56 நிமிடம் 20 விநாடி. நீங்கள் சொன்ன நாலு நிமிடம் அப்படியே வந்தது. அந்த நாலு நிமிடத்துக்காக மகள் பணத்தைத் தொடப் போவதில்லை. ஆனால் பதினான்காம் வளைவுக்கு மேல் கால் சுற்றவே இல்லை, ஒவ்வொரு மிதியையும் தனித்தனியாக அழுத்தி இறக்க வேண்டியிருந்தது. முட்டிக்குக் கீழே வலி. தண்ணீர் இல்லாத வாரத்திலும் அதே இடத்தில் இப்படித்தான் ஆகும். முன்னால் 39, பின்னால் 28.

பழைய பல்சக்கரம்:
39-க்கு 28 வைத்துக்கொண்டா இத்தனை வருடம் ஏற்காடு ஏறினீர்கள்? உங்கள் கால் நல்ல கால் தம்பி. பின்னால் பெரியது 34 பல் வரும் கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, போடுங்கள், மிதி ஆறில் ஒரு பங்கு லேசாகும். செயினைப் பல் மாற்றித் தள்ளும் பின் டீரெய்லர் 34-ஐத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள், பெரும்பாலும் நீளக் கை உள்ளதாக மாற்ற வேண்டிவரும். செயினும் நீளம் போதாது. பழையதில் கண்ணி சேர்க்க வேண்டாம், புதிதாகவே போட்டுவிடுங்கள்.