மூன்று பின் பிளக் மாற்றியதும் பழைய ஆம்ப்ளிஃபையரில் ஹம்: எர்த்தைக் கழற்றலாமா?

இசைத்தட்டுப்பிரியன்:
அனைவருக்கும் வணக்கம். 1974ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று என் தந்தையாரிடமிருந்து எனக்கு வந்தது. அதில் இரண்டு பின் பிளக்தான் இருந்தது. முன்பக்க அலுமினியத் தகட்டைப் புறங்கையால் தடவினால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் சுரசுரக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சற்றுக் குறையும். அச்சம் தோன்றியதால் மூன்று பின் வயரை மாற்றி, எர்த்தைச் சேசிஸுடன் (உலோகச் சட்டத்துடன்) இணைத்தேன். சுரசுரப்பு அறவே போயிற்று. ஆனால் அன்று முதல் இரண்டு ஸ்பீக்கர்களிலும் தாழ்ந்த ஹம் (ம்ம்ம் என்ற இரைச்சல்) கேட்கிறது. டர்ன்டேபிளும் டிவியும் இதனுடன் இணைந்துள்ளன. எர்த்தை மட்டும் கழற்றிவிட்டால் ஹம் நிற்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

சாலிடர்மணம்:
தயவுசெய்து கழற்ற வேண்டாம். நீங்கள் உணர்ந்த சுரசுரப்பு, ரேடியோ இரைச்சலை அடக்குவதற்காக அக்காலத்தில் மின்வயருக்கும் சேசிஸுக்கும் நடுவே வைத்த சிறு கெபாசிட்டரிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அது 0.01 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 0.7 மில்லியாம்பியர் கசியும். அந்தக் கசிவு கையில் உறைக்குமே தவிர உயிரை வாங்காது. ஆனால் ஐம்பது ஆண்டுப் பழைய கெபாசிட்டர் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால், முன்பக்கத் தகடு முதல் டர்ன்டேபிளின் உலோகக் கை வரை எல்லாமே லைன் ஆகிவிடும். எர்த் இருந்தால் அந்தக் கணமே ஃபியூஸோ பிரேக்கரோ மின்சாரத்தைத் துண்டிக்கும். இல்லையென்றால் தொடுபவரின் உடல்தான் வழி. ஆகவே அந்தப் பழைய கெபாசிட்டரை எடுத்துவிட்டு, இந்த இடத்துக்கென்றே பாதுகாப்பாக வடிவமைத்த ஒய்2 வகைக் கெபாசிட்டரையே போடுங்கள்.

இனி ஹம். ஆம்ப்ளிஃபையருக்கு இப்போது சொந்தமாக ஓர் எர்த் இருக்கிறது. டிவியின் வழியாக இன்னொன்றும் வருகிறது என்பது என் ஊகம். இரண்டுக்கும் இடையே உள்ள மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு போதும், கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ ஒலி வயரின் மேலுறையில் மின்னோட்டம் ஓடி, அது ஒலியோடு கலந்துவிடும். உள்ளீட்டு வயர்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிக் கேளுங்கள். டிவியின் கோஆக்சியல் வயரை (ஆன்டெனா வயரை) முதலில் சந்தேகியுங்கள். எதுவும் மாட்டாதபோதும் ஹம் நீடித்து, அதன் சுருதியும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஸ்தாயி மேலே 100 ஹெர்ட்ஸில் கரகரப்பாகக் கேட்டால், பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். அதற்கும் எர்த்துக்கும் தொடர்பில்லை.

மெல்லியமுள்:
டர்ன்டேபிளைத் தனியாகப் பாருங்கள். மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். போதாததற்கு ஃபோனோ பகுதியில் (டர்ன்டேபிளுக்கான உள்ளீட்டில்) இசைத்தட்டின் ஒலியைச் சமன்செய்யும் ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன், 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸைச் சுமார் 17 டெசிபெல் உயர்த்துகிறது. வேறெங்கும் காதில் விழாத ஹம் அங்கே பூதாகாரமாவது இதனால்தான். டர்ன்டேபிளிலிருந்து வரும் கவைமுனை கொண்ட மெல்லிய எர்த் வயர் ஆம்ப்ளிஃபையரின் பின்புற எர்த் திருகில் இருக்க வேண்டும். சுவர் எர்த்துக்குக் கொண்டு போகக் கூடாது. அந்தத் திருகில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

வால்வுக்காலம்:
இதைப் படித்துவிட்டு யாரேனும் பழைய வால்வு ரேடியோவிலும் எர்த் கொடுக்க முனையலாம் என்பதால் ஓர் எச்சரிக்கை. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஏசி/டிசி செட்களில் சேசிஸ், மின்வயரின் ஒரு முனையோடு நேரடியாக இணைந்திருக்கும். அவற்றுக்கு எர்த் கொடுக்கவே கூடாது. மெயின்ஸோடு நேரடி மின்தொடர்பைப் பிரிக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் இயக்க வேண்டும்.

இசைத்தட்டுப்பிரியன்:
மிக்க நன்றி. கோஆக்சியல் வயரைக் கழற்றிய நொடியிலேயே ஹம் நின்றது; எர்த் தொடர்பை அறுத்து சிக்னலை மட்டும் விடும் ஆன்டெனா ஐசோலேட்டர் ஒன்றை நடுவே பொருத்திவிட்டேன், டிவியும் ஒழுங்காக வருகிறது. சேசிஸைத் திறந்து பார்த்தபோது எர்த் போல்ட்டைப் பெயின்ட்டின் மேலேயே இறுக்கியிருந்தது தெரிந்தது. உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து மீண்டும் முடுக்கினேன். பிளக்கின் எர்த் பின்னுக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டர் இப்போது 0.2 ஓம் காட்டுகிறது. ஒய்2 கெபாசிட்டர் கைக்கு வந்ததும் மாற்றிவிடுவேன். அதுவரை பழையதைக் கழற்றி வைத்துவிட்டேன்.