விதியை மீறினாலே வழக்குத் தொடரலாமா, பாதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி — வலிகாமம் வாசி

உறவுகளுக்கு வணக்கம். எங்கள் அயல் வளவில் வீடு கட்டுபவர், எங்கள் குடிநீர்க் கிணற்றுக்கு மிக அண்மையில், வேலியோரமாக மலசலகூடக் குழி வெட்டியுள்ளார். பிரதேச சபை அனுமதித்த வரைபடத்தில் அக்குழி வளவின் மறுபக்கத்திலேயே காட்டப்பட்டிருப்பதாக அறிகிறோம். குழி இன்னும் பாவனைக்கு வரவில்லை, கிணற்று நீரும் நன்றாகவே இருக்கிறது. பாதிப்பு ஏற்பட்ட பின்னர்தான் வழக்கு என்று ஒருவர் சொல்கிறார். அதுவரை அயலவர் செய்தது மீறல் ஆகாதா?

பதில் 1 — சட்டம் பயின்றவர்

மீறல் இப்போதே நிகழ்ந்துவிட்டது. ஆனால் அந்த மீறலுக்கு யார், எந்த மன்றில், எதைக் கேட்கலாம் என்பது, மீறப்பட்ட கடமையை அவர் யாருக்குச் செலுத்த வேண்டியிருந்தது என்பதைப் பொறுத்தது. அனுமதித்த வரைபடத்தின்படி கட்ட வேண்டும் என்பது, கட்டுபவர் முதலில் பிரதேச சபைக்குச் செலுத்த வேண்டிய கடமை. ஆகவே எவருக்கும் தீங்கு வராவிட்டாலும் சபை நடவடிக்கை எடுக்கலாம். நீங்கள் நட்டஈடு கேட்பதாயின் நிலைமை வேறு. இலங்கையில் தீங்கியல் வழக்குகள், அதாவது ஒருவர் இழைத்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் வழக்குகள், ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வந்த ரோமன் டச்சுச் சட்டத்தின் வழி வந்தவை என்பதால், எதிராளியின் செயல் முறையற்றது என்பதோடு, வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ அவர் அதைச் செய்தார் என்பதையும், அதனால் உங்களுக்குப் பண அளவில் மதிப்பிடத்தக்க இழப்பு ஏற்பட்டது என்பதையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். உங்களுக்குச் சொல்லப்பட்ட கருத்து நட்டஈட்டைப் பொறுத்தவரை மட்டுமே சரியானது. வரப்போகும் தீங்கைத் தடுக்க மாவட்ட நீதிமன்றத்தில் தடைக்கட்டளை கேட்பதற்கு நீர் கெடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தீங்கு வரும் என்ற அச்சம் நியாயமானது என்று காட்டினால் போதும்.

பதில் 2 — சுன்னாகம் வாசகர்

காத்திருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊர் கண்டிருக்கிறது. சுன்னாகம் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பாக 2015 இல் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யப்பட்டது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின் நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குப் பணித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அத்தீர்ப்பின் அடிப்படைகளில் ஒன்று. கண்காணிக்கக் கடமைப்பட்ட அரச அமைப்புகளின் தவறையும் மன்று கவனத்தில் எடுத்தது. இழப்பீடு கிடைத்தாலும் நிலத்தடி நீர் உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகவும் பொந்துகளூடாகவும் நகர்வதால், ஒரு வளவில் கலந்தது அந்த வளவோடு நின்றுவிடுவதில்லை. தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.

வலிகாமம் வாசி

இருவருக்கும் நன்றி. அயலவரோடு பகைக்க விரும்பவில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 3 — ஓய்வுபெற்ற உள்ளூராட்சி உத்தியோகத்தர்

பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் முறையிட்டு, திகதியிட்ட பிரதியை உங்களிடம் வைத்திருங்கள். பின்னர் ‘எனக்குத் தெரியாமல் நடந்தது’ என்று அயலவர் சொல்ல முடியாதபடி அவருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்; கவனக்குறைவை நிரூபிக்க நேர்ந்தால் அதுவே பெறுமதியான சான்றாகும். இப்போதே நீரைப் பரிசோதித்து அறிக்கை பெறுவதும் அவசியம். இன்றைய நிலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் நாளைய கேட்டை நிறுவுவது கடினம். அயலவர்களுக்கிடையிலான பிணக்கை 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கும் கொண்டுசெல்லலாம், செலவும் பகையும் குறையும். ஆனால் குழி பாவனைக்கு வரும் நாள் நெருங்கினால் சட்டத்தரணியிடம் தடைக்கட்டளை பற்றிப் பேசுங்கள். இழப்பு ஏற்பட்டுவிட்டால் நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறைக் கட்டளைச் சட்டம் பொதுவாக 2 ஆண்டுகளே தருகிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் காலம் நின்றுவிடும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.