வீட்டு அலுவலகத்துக்குக் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர்: வாங்கிப் பயன்படுத்துபவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈரோடு, வரிக்கணக்கு பார்ப்பவர்

வீட்டு மாடியறைதான் என் அலுவலகம். ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்க்கிறேன். ஜூலைக் கடைசியில் பிரிண்டருக்கு ஓய்வே இருக்காது. அது முடிந்தால் நாள்கணக்கில் ஒரு தாள்கூட ஓடாது. இந்த ஏற்ற இறக்கத்தால்தான் இங்க் டேங்கை விட்டு லேசருக்கு வந்தேன். இங்க் பிரிண்டர் சும்மா கிடந்தால் ஹெட்டில், அதாவது மை தெளிக்கும் முனையில், மை காய்ந்துவிடுகிறது. எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது. ஹெட் கிளீனிங் கொடுத்தால் அதற்கே மை போகிறது. லேசர் டோனர் வெறும் பொடி. அதில் காய்வதற்கு ஈரமே இல்லை. மூன்று மாதம் மூடி வைத்துவிட்டு ஆன் செய்தாலும் முதல் தாள் கருகருவென்று வரும்.

லேசர் என்று முடிவானதும் முதலில் போனது பிரிண்டர் கடைக்கு அல்ல, தெருமுனையில் டோனர் ரீஃபில் செய்பவரிடம். "அண்ணா, உங்களிடம் அதிகம் வருவது எந்தக் கார்ட்ரிட்ஜ்? எது வந்தால் முடியாது என்று திருப்பி அனுப்புகிறீர்கள்?" டோனர் அடைத்த கூடான கார்ட்ரிட்ஜைப் பற்றி இந்த இரண்டு கேள்விதான் கேட்டேன். பிரிண்டருக்கு ஒருதரம் காசு கொடுத்தால் முடிந்தது. கார்ட்ரிட்ஜுக்கு அந்த மிஷின் இருக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று ஒரு மாடலை எடுத்து, அதன் டோனர் நம் ஊரில் கிடைக்காவிட்டால் கெடுத் தேதி அன்று யாரிடம் போய் நிற்பது?

பெட்டியில் 1500 பக்கம், 2600 பக்கம் என்று போட்டிருப்பார்கள். அது ஐஎஸ்ஓ 19752 என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி சொல்லும் எண். அந்தச் சோதனைத் தாளில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் கறுப்பு இருக்கும். கட்டம் கட்டி, தலைப்புக்கு நிழல் கொடுத்த என் கணக்குத் தாள்கள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் சொன்ன எண்ணில் முக்கால் பங்குதான் வரும் என்று வைத்துக்கொண்டு, டோனர் விலையை அதால் வகுத்துப் பக்க விலையைப் பார்த்தேன். ஒவ்வொரு மாடலுக்கும் இப்படிப் போட்டால், விலை குறைந்த பிரிண்டர்கள் பல பட்டியலின் அடிக்குப் போய்விடும். புது மிஷினோடு வரும் டோனர் முழு அளவா, குறைந்த அளவா என்றும் கேட்டுவிடுங்கள்.

நான் எடுத்தது பிரதர் எச்எல்-எல்2321டி. டோனர் தனி, அந்தப் பொடியை வாங்கித் தாளில் பதிக்கும் உருளையான டிரம் தனி. டிஎன்-2365 டோனருக்கு 2600 பக்கம், டிரம்முக்கு 12000 பக்கம் என்று கம்பெனிக் கணக்கு. நிமிடத்துக்கு 30 பக்கம், இரண்டு பக்கமும் தானாகவே அடிக்கும். வைஃபை கிடையாது, யூஎஸ்பி மட்டும்தான். ஒரே கம்ப்யூட்டரில் வேலை செய்கிற எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

உங்கள் வேலை என்ன, எது ஒத்துவந்தது என்று எழுதுங்கள். வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

கோவை, பிரிண்டர் சர்வீஸ் செய்பவர்

அக்கா கேட்ட கேள்வியை எல்லோரும் கேட்டால் எங்கள் கடையில் பாதி வருத்தம் குறையும். பலர் வாங்கி, தீர்ந்து, கார்ட்ரிட்ஜைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பிறகுதான் "சார், இதற்கு ரீஃபில் உண்டா?" என்று கேட்கிறார்கள்.

எச்பி லேசர்ஜெட் 1010, 1018, 1020, எம்1005 எல்லாவற்றுக்கும் ஒரே 12ஏ கார்ட்ரிட்ஜ். 2000 பக்கம். சிப் கிடையாது. கேனான் எல்பிபி 2900-க்குப் போடும் 303-உம் அதே வகை. உள்ளே இருக்கும் டிரம், அதைத் துடைக்கும் வைப்பர் பிளேடு, ரோலர் எல்லாம் உதிரியாகக் கிடைக்கும். நிமிடத்துக்கு 12 பக்கம் மட்டும் ஓடும் 2900 இன்றும் பத்திரம் எழுதுபவர்கள் மேஜையில் இருப்பதற்கு இதுதான் காரணம். வேகமாக ஓடும் மிஷின் எத்தனையோ வந்துவிட்டது. ஆனால் எந்தச் சின்ன ஊரிலும் அரை மணி நேரத்தில் சரிசெய்து தர ஆள் இருக்கிற மிஷின் வேண்டும் என்றால் இந்த வகையைத்தான் சொல்வேன்.

கார்ட்ரிட்ஜில் இரண்டு வகை. டிரம்மும் டோனரும் ஒரே உடம்பில் இருப்பது ஒன்று. கார்ட்ரிட்ஜ் மாற்றும்போதே டிரம்மும் புதிதாகிவிடும், பக்க விலை சற்றுக் கூடும். தனித்தனியாக இருப்பது இன்னொன்று. டோனர் மலிவு, ஆனால் ஒருநாள் டிரம் செலவு வரும், அதைக் கணக்கில் சேர்க்கவேண்டும். மாதம் நூறு தாள்தான் என்றால் முதல் வகையே போதும். ஐந்நூறைத் தாண்டினால் இரண்டாவதைப் பாருங்கள்.

அடுத்தது சிப். புது மாடல்கள் பலவற்றில் கார்ட்ரிட்ஜ் மேல் ஒரு சின்ன சிப் இருக்கிறது. பொடியை நிரப்பினால் மட்டும் போதாது, சிப்பையும் மாற்றவேண்டும். பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் போட்டதும் வெளிச் சிப்பை ஏற்காமல் நின்றுபோகும் மிஷின்களும் கடைக்கு வருகின்றன. இன்னும் சில மாடல்கள் எப்போதும் இன்டர்நெட்டோடு இணைந்திருக்கவேண்டும், கம்பெனி டோனர் மட்டும்தான் போடவேண்டும் என்ற நிபந்தனையோடு விற்கப்பட்டிருக்கின்றன. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அது இருக்கும். பில் போடும் முன் நின்று படியுங்கள். ஒரிஜினல் டோனர்தான் எப்போதும் போடுவேன் என்பவர்களுக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

பழைய மிஷின் வாங்குகிறவர்கள் கையில் ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஒரு தாள் முழுக்க எழுத்து, ஒரு தாள் முழுக் கறுப்பு, ஒரு தாள் வெறும் வெள்ளை என்று மூன்று அடித்துப் பாருங்கள். ஒரே புள்ளி தாளில் கீழே கீழே திரும்ப வந்தால் இடைவெளியை அளந்து பாருங்கள். 12ஏ வகையில் டிரம்மின் குறுக்களவு 24 மி.மீ., அதாவது ஒரு சுற்றுக்கு 75 மி.மீ. புள்ளிக்குப் புள்ளி அந்த அளவு வந்தால் டிரம்மில் கீறல் விழுந்திருக்கிறது. அக்கா வைத்திருக்கும் பிரதரில் இதே அடையாளம் 94 மி.மீ.க்கு ஒருதரம் வரும். நெடுக ஒரே கறுப்புக் கோடு என்றால் பெரும்பாலும் பிளேடு தேய்ந்திருக்கும். வெள்ளைத் தாளில் லேசாகச் சாம்பல் படர்ந்தால் மட்டமான பொடி போட்டிருக்கிறார்கள், அல்லது கழிவு டோனர் நிரம்பியிருக்கிறது. இவை எல்லாம் கார்ட்ரிட்ஜோடு போகிற கோளாறு, பயப்படவேண்டாம்.

பயப்படவேண்டியது ஃபியூசருக்குத்தான். அச்சான எழுத்தை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உதிர்ந்தால் விலையை எவ்வளவு குறைத்தாலும் யோசியுங்கள். டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த பொடி. ஏறக்குறைய 200 டிகிரிச் சூட்டில் உருகித் தாளில் ஒட்டுகிறது. அந்தச் சூட்டைக் கொடுப்பது ஃபியூசர். அதன்மேல் இருக்கும் டெஃப்லான் உறை கிழிந்திருந்தாலும், சூடு குறைந்தாலும் பொடி ஒட்டாது. ஆனால் தடிமனான அட்டையை அடித்துவிட்டு உதிர்கிறது என்று சொல்லக்கூடாது. அதற்குக் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரிண்டர் டிரைவரில் தாள் வகையைத் தடிமன் என்று மாற்றினாலே சரியாகிவிடும்.

வீட்டில் ரீஃபில் செய்து பொடி சட்டையில் கொட்டிவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

மதுரை, வழக்கறிஞர்

இருபக்க அச்சு வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: வழக்கு வேலை என்றால் கண்டிப்பாக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் முதல் ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அச்சடித்துத் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டது. தாள் 75 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஒரு மனுவோடு இணைப்புகள் சேர்ந்தால் கட்டு எவ்வளவு தடிமனாகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதை ஒற்றைப்படைப் பக்கம் அடித்து, திருப்பி வைத்து, இரட்டைப்படைப் பக்கம் அடிக்கும்போது நடுவே ஒரு தாள் இரண்டாக இழுத்துக்கொண்டால் அதற்குப்பின் எல்லாம் மாறிப்போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். பல மாடல்களில் தானாகத் திருப்பும் வசதி ஏ4-க்கு மட்டும்தான். ஏ4-ஐவிட நீளமான லீகல் தாள் ட்ரேயில் போகும், ஆனால் ஒருபக்கம்தான் அடிக்கும். ஒப்பந்தம், பத்திரம் என்று லீகல் தாள் வேலை உள்ளவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். முத்திரைத்தாளை ட்ரேயில் அடுக்கவே கூடாது. முன்னால் இருக்கும் தனி வழியில் ஒவ்வொன்றாக விடவேண்டும். பின்கதவு திறந்து தாள் நேராக வெளியே போகிற மாடலாக இருந்தால் இன்னும் நிம்மதி, சுருளாது. முதலில் வெள்ளைத் தாளில் அடித்து, முத்திரைத்தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்து இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் ஓட்டுவேன். பாழானால் முத்திரைத்தாள் காசு போய்விடும்.

இளம்பிள்ளை, சேலை ஆன்லைன் விற்பனை

எனக்கு முக்கியம் பார்சல் லேபிள். லேசரில் அடித்த பார்கோடு மழையில் நனைந்தாலும் கரையாது, கூரியர் பையன் ஸ்கேன் செய்ததும் பீப் என்று எடுக்கும். ஏ4 தாளில் இரண்டு லேபிள் வரும்படி அடித்து வெட்டி ஒட்டுகிறோம். ஸ்டிக்கர் ஷீட் வாங்கினால் லேசருக்கு என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். மற்றதில் இருக்கும் பசை சூட்டில் இளகி உள்ளே ஃபியூசரில் ஒட்டிக்கொள்ளும். பாதி ஸ்டிக்கர் உரித்த ஷீட்டை மறுபடி உள்ளே விடவே கூடாது.

பார்சல் மிகவும் கூடிவிட்டால் 4-க்கு 6 அங்குல தெர்மல் லேபிள் பிரிண்டர்தான் வேகம். அதற்கு டோனரே வேண்டாம். ஆனால் தெர்மல் எழுத்து வெயிலில் மங்கும், அதனால் பில்லும் கணக்கும் லேசரில்தான்.

நாகர்கோவில், டியூஷன் ஆசிரியை

எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் தாள் நமத்துப்போகும். நமத்த அப்பளம்போல வளைந்து, சூட்டில் சுருங்கி, மடிப்பு விழுந்து வரும். சில நேரம் வெளியே வரும் தாளிலிருந்து ஆவிகூடப் பறக்கும். பிரிண்டரைக் குறைசொல்லும் முன் தாளை மாற்றிப் பாருங்கள். ரீம் பிரித்தால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் ட்ரேயில் வைத்துவிட்டு மீதியை உறையோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைக்கிறேன். கரூர் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலையில் செய்யும் 80 ஜிஎஸ்எம் தாள் வாங்குகிறேன். கரும்புச் சக்கையிலிருந்து வருவது, வினாத்தாள் இரண்டு பக்கமும் அடித்தாலும் மறுபக்கம் தெரிவதில்லை.

சென்னை, தமிழ் மெய்ப்புத் திருத்துபவர்

தமிழ் அச்சிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பொடியைக் குறைத்து அடிக்கும் டோனர் சேவ் முறையைப் போட்டுவிட்டு மெய்ப்புப் பார்க்காதீர்கள். எழுத்து வெளுக்கும்போது முதலில் தேய்வது மெய்யெழுத்துப் புள்ளிதான். 10 பாயிண்ட் எழுத்தளவில் அடித்தால் "க்" என்பதும் "க" என்பதும் ஒன்றுபோலத் தெரியும். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), முழுக் கறுப்பு. மெய்ப்புக்கு அதற்குக் கீழே இறங்கவேண்டாம். உங்கள் வீட்டுக் கணக்கு, டிக்கெட் இவற்றுக்கு டோனர் சேவ் போட்டுக்கொள்ளுங்கள்.

வைஃபை உள்ள மாடல் வாங்கினேன். வீட்டில் மகள் போனிலிருந்தே அவள் நோட்ஸை அடித்துக்கொள்கிறாள், அந்த வசதி பெரியது. விலை குறைந்த மாடல்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் சேரும். முதல்நாள் இணைக்க வரவில்லை என்றால் ரவுட்டரில் 2.4-க்குத் தனிப்பெயர் கொடுத்துப் பாருங்கள்.

ஈரோடு, வரிக்கணக்கு பார்ப்பவர்

எல்லோருக்கும் நன்றி. கோவை அண்ணாவிடம் ஒரு சந்தேகம். இங்கே அடிக்கடி கரண்ட் போகிறது. வீட்டு இன்வெர்ட்டரில் பிரிண்டரையும் சேர்க்கலாமா?

கோவை, பிரிண்டர் சர்வீஸ் செய்பவர்

வேண்டாம் அக்கா. அச்சடிக்கும்போது இவை சாதாரணமாக 300 முதல் 500 வாட் எடுக்கும். ஃபியூசர் சூடேறும் அந்தக் கணத்தில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். பிரிண்டர் ஆன் ஆகும்போது அறையில் பல்பு லேசாக மங்கிப் பிரகாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதனால்தான். சின்ன இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோ அந்த இழுப்பைத் தாங்காமல் கத்தி அணைந்துவிடும், கூடவே கம்ப்யூட்டரும் போய்விடும். யூபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் சொருகாதீர்கள் என்று கம்பெனிக் கையேடுகளிலேயே போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர், ரவுட்டர் மட்டும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில், எர்த் சரியாக உள்ள இடத்தில் கொடுங்கள்.

அடிக்கும்போதே கரண்ட் போய்த் தாள் உள்ளே நின்றுவிட்டால் வெடுக்கென்று பிடித்து இழுக்கவேண்டாம். சுவிட்சை அணைத்துவிட்டு, சற்று ஆறவிட்டு, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து வெளிச்சம் படாமல் ஒரு துணியால் மூடிவையுங்கள். அப்புறம் தாளை அது ஓடும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். ஃபியூசருக்குப் போகாத பாதியில் பொடி ஒட்டாமல் அப்படியே மேலே கிடக்கும், அந்தத் தாளைக் கணக்குக் கட்டுகள் மேல் வைத்துவிடாதீர்கள்.